இரவல் வார்டு

ஊரில் பாதிப் பேர் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பல் விழுந்த கிழவர்கள் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த பெண்கள் கூப்பிடுவார்கள். ஓசி மாத்திரைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றுக்கு இரண்டு முறை கூப்பிடுவார். கூடப்பிறந்த அக்கா மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டாள். அக்கா வைத்திருந்த பெயர் எருமை.

“எருமைகூடத் தண்ணியைக் கண்டா இறங்கும். இவ அதுக்கும் மேல,” என்பாள் அக்கா, தையல் மிஷினை மிதித்துக்கொண்டே.

அக்கா எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். துணி வெட்டினால் நூலிழை பிசகாது. தங்கை வேலைக்குக் கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பிப் பையில் வைப்பாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து ஆட்டிப் பார்ப்பாள். போன தண்ணீர் போனபடியே வந்திருக்கும். “ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்துருச்சா?” என்று கேட்டுவிட்டு, வாசலில் இருந்த செடிக்கு ஊற்றுவாள். அரசு ஆஸ்பத்திரியால் செழித்த ஒரே ஜீவன் அந்தச் செடிதான்.

சிஸ்டருக்குப் பெண்கள் வார்டில் மாலை ஷிப்ட். முப்பது கட்டிலுக்காகக் கட்டிய கூடத்தில் சரியாக முப்பது கட்டில் இருந்தது. அந்த விஷயத்தில் அரசாங்கத்தின்மேல் பழி சொல்ல முடியாது. நோயாளிகள்தான் விவரம் தெரியாமல் ஐம்பது பேர் வந்துவிட்டார்கள். மீதிப் பேர் கட்டில்களுக்கு நடுவே விரிப்பைப் போட்டுப் படுத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஊசி, மாத்திரை, சொட்டு மருந்து, கட்டு, ஆறுதல், அதட்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆள், சிஸ்டர். காலையில் சின்ன சிஸ்டர் என்று ஒரு பெண் பார்த்துக்கொள்வாள். இரவுக்கு எல்லா வார்டுக்கும் பொதுவாக யாரோ வருவார்கள், அல்லது வருவதாகச் சொல்வார்கள்.

ஊழியர்களுக்கான கழிப்பறை, வார்டுகளுக்குப் பின்னால் ஓடும் பின்நடையின் கடைசியில், சலவை அறையையும் தாண்டி இருந்தது. போய்வருவதற்குள் ஒரு சொட்டு மருந்து தீர்ந்து ரத்தம் குழாயில் ஏறிவிடும். ஒரு கிழவி கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்துவிடுவாள். இரண்டும் நடந்திருக்கின்றன. அதனால் சிஸ்டர் ஒரு விஞ்ஞானபூர்வமான முடிவுக்கு வந்தாள். உள்ளே போனால்தானே வெளியே வரும்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

ஊருக்கு உபதேசம் மட்டும் குறையவில்லை. “நிறையத் தண்ணி குடிக்கணும்மா, இல்லேன்னா கிட்னி போயிரும்,” என்று கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டே போவாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஒட்ட.

பலன் வந்தது. சிறுநீர் கழித்தால் எரிச்சல், இடுப்புக்கு மேலே குத்தல், சாயங்காலமானால் உடம்பு கதகதப்பு. பயிற்சி டாக்டர் ஒருவரிடம் சோதனைச் சீட்டை நீட்டினாள். அவர் வயதுக்கு அவளை ஆன்ட்டி என்றிருக்கலாம். மரியாதைக்காரர், சிஸ்டர் என்றே சொன்னார்.

“இன்ஃபெக்‌ஷன் ஏறிட்டிருக்கு சிஸ்டர். இது அடிக்கடி வந்தா கிட்னியைப் பாதிக்கும். மாத்திரை எழுதறேன். ஆனா முக்கியமா நீங்க நிறையத் தண்ணி குடிக்கணும்.”

சிஸ்டர் சிரித்துவிட்டாள். அவருக்கு என்ன சொல்லிவிட்டோம் என்று புரியவில்லை, பாவம்.

அவளுக்கு வேண்டியது மாத்திரை அல்ல. மாலையில் இன்னொரு ஆள். அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்கே தலைவர் அவர். தலைவராவதற்கு முன் நல்ல வைத்தியராக இருந்தார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

“சாயங்காலம் இன்னொரு ஆள் வேணும் சார். ஒரே ஒரு ஆள்.”

“எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? என் ரூமுக்கே ஆள் இல்ல. நீங்களேதான கதவைத் திறந்துட்டு வந்தீங்க?”

“கதவைத் திறக்கலேன்னா யாரும் சாக மாட்டாங்க சார்.”

அவர் அதைக் காதில் வாங்காத மாதிரி மேஜையை ஒழுங்குபடுத்தினார். “ஒரு நல்ல சேதி சொல்றேன். மேலிடத்துலேருந்து ஒரு குழு வருது. வார்டு வார்டாப் போய்ப் பாத்து, எங்க ஆள் பத்தலையோ அங்க போடப் போறாங்களாம். உங்க கஷ்டத்தை அவங்க கண்ணாலேயே பாக்கட்டும்.”

சிஸ்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எழுந்து கும்பிட்டுவிட்டுக் கதவுவரை வந்துவிட்டாள்.

“அப்புறம்மா,” என்றார் பெரிய டாக்டர். “வார்டு பளிச்சுன்னு இருக்கணும். ஒரு குறை கண்ணுல படக் கூடாது. ஆஸ்பத்திரி மானம் உங்க கையில.”

குறையைப் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் குறை படக் கூடாது. படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வீட்டில் அக்கா அதைக் கேட்டு மிஷினை நிறுத்தினாள்.

“இங்க பாரு எருமை. கிழிஞ்ச சட்டையைத் தைக்கக் கொண்டு வர்றவங்க, கிழிசலை மடிச்சு உள்ள வெச்சுக் கொண்டு வந்தா எனக்கு எப்படித் தெரியும்? இருக்கறதை இருக்கற மாதிரி காட்டு. தரையில படுத்திருக்கறவங்க படுத்தே இருக்கட்டும். ஒரு துணியைக்கூட மாத்தாத.”

“மாத்த மாட்டேன்க்கா.”

“உன்னைத் தெரியாதா? விருந்தாளி செருப்புச் சத்தம் கேட்டா வீட்டுல இருக்கற அழுக்கையெல்லாம் அலமாரிக்குள்ள திணிக்கற வம்சம் நம்மளது. கையைக் கட்டிக்கிட்டு நில்லு.”

“நிக்கறேன்க்கா. சத்தியமா.”

சத்தியத்தை அவள் மனப்பூர்வமாகத்தான் செய்தாள். குழு வரும் நாளில் மத்தியானமே வார்டுக்குப் போனபோதும் அது அப்படியே இருந்தது. முதல் கட்டிலைப் பார்க்கும்வரை இருந்தது.

முதல் கட்டிலின் விரிப்பில் ஒரு பழைய கறை, நாடு ஒன்றின் வரைபடம் மாதிரி. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது அதுதான். இது ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். மாற்றினாள். நான்கு மூலையையும் உறை மடிப்பதுபோல மடித்துச் செருகினாள். அந்த மூலை மடிப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. இப்போது இரண்டாவது கட்டில் அசிங்கமாகத் தெரிந்தது.

இரண்டை மாற்றினால் மூன்று நிற்குமா? விரிப்பை மாற்றியதும் தலையணை இல்லாதது உறுத்தியது. வார்டில் தலையணை கிடையாது. ஆனால் பக்கத்து ஆண்கள் வார்டில் இருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பொருளும் எந்த வார்டுக்கும் சொந்தமில்லை, எல்லாம் இரவல். யாராவது பார்வையிட வந்தால், முன்நடை வழியாக அதிகாரிகள் போவார்கள். பின்நடை வழியாகச் சாமான்கள் போகும். அதிகாரிகள் ஒரு வார்டை முடித்துவிட்டு டீ குடிப்பார்கள். அந்த இடைவெளியில் தலையணை, திரை, சொட்டு மருந்து மாட்டும் ஸ்டாண்டு எல்லாம் அடுத்த வார்டுக்கு ஓடிவிடும். ஒரே சக்கர நாற்காலியை ஆறு இடத்தில் பார்த்துத் திருப்தியடைந்து போன பெரிய மனிதர்கள் உண்டு. சாமான் மட்டுமில்லை, ஆட்களும் ஓடுவார்கள்.

ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸுக்குப் பட்டப்பெயர் கறார். ஒரு தலையணை இரவல் கொடுத்தால் பஞ்சை அழுத்திப் பார்த்துத் திருப்பி வாங்குகிற ஆள்.

“மொதல்ல என் வார்டுக்குத்தான வர்றாங்க? அதை முடிச்சிட்டு அனுப்பறேன்,” என்றாள் கறார்.

“இல்லக்கா, மொதல்ல என் வார்டுக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்கேன். அவங்க வர்றதுக்கு முன்னாடியே மூலை மடிச்சு, தலையணை அடிச்சு வெச்சாத்தான் எனக்கு நிம்மதி. அவங்க டீ குடிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் திருப்பி உங்ககிட்ட சேத்துடறேன்.”

“எல்லாத்தையுமா கேக்கறே?”

“தலையணை, திரை, ஸ்டாண்டு. அப்புறம்…” சிஸ்டர் கறாருக்குப் பின்னால் நின்ற இரண்டு நர்ஸுகளைப் பார்த்தாள். “உங்க ரெண்டு பொண்ணுங்களையும் கொஞ்சம் அனுப்புங்கக்கா. மூலை மடிக்க.”

“ஏன், என் பல்செட்டையும் கழட்டித் தரவா?” என்றாள் கறார். ஆனால் கொடுத்தாள். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

ஸ்டிரெச்சர் தள்ளும் வண்டிக்காரர் பின்நடையில் சாமான்களை ஏற்றி இறக்கினார். கடைசியாகத் தரையில் படுத்திருந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

“இவங்களை என்ன பண்றது சிஸ்டர்? அலமாரிக்குள்ள வைக்க முடியாது.”

“எக்ஸ்-ரே வரிசைல கொண்டுபோய் உக்கார வைங்க அண்ணே.”

“யாருக்கும் எக்ஸ்-ரே எழுதலையே?”

“அந்த மிஷினும்தான் ஓடலையே. சும்மா உக்காந்துட்டு வரட்டும்.”

குழு வந்தது. கண்ணாடி போட்ட குழுத் தலைவர், அவர் தும்மினால் குறிப்பெடுக்கும் இருவர், பின்னால் பெரிய டாக்டர். வார்டு அப்படியொரு அழகாக இருந்தது. வெள்ளை விரிப்பு, பச்சைத் திரை, கட்டிலுக்குக் கட்டில் தலையணை. நர்ஸுகள் நான்கு பேர் வரிசையாக நின்றார்கள்: சிஸ்டர், ஷிப்ட் முடிந்தும் போகாத சின்ன சிஸ்டர், இரவல் வந்த இருவர். பார்த்தால் கண்பட்டுவிடும் என்கிற மாதிரி வேலை, செய்தவள் சிஸ்டர். குத்தலும் காய்ச்சலுமாக இருந்தாலும் அவளுக்கு உள்ளூர ஒரு பூரிப்பு.

தலைவர் ஒரு கட்டிலின் அருகே குனிந்தார். “ஏதாச்சும் குறை இருக்கா பாட்டி?”

“ஒரு குறையும் இல்ல ராசா,” என்றாள் கிழவி, தலையணையைக் கட்டிப் பிடித்தபடி. “இன்னிக்குத்தான் இதைக் கண்ணால பாக்கறேன். இப்படியே செத்தாக்கூடப் பரவால்ல.”

பெரிய டாக்டர் பலமாக இருமினார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டி திருப்தியில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். வாய் திறந்து எதையும் கேட்க வேண்டிய அவசியம் சிஸ்டருக்கு வரவில்லை. கேட்டாலும் என்னவென்று கேட்பது? மூன்று பேரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஆளில்லை என்றா?

“வாங்க சார், டீ ரெடியா இருக்கு,” என்றார் பெரிய டாக்டர்.

“டீயை விட்டுட்டேன் டாக்டர். நெஞ்செரிச்சல்,” என்றார் தலைவர். சொல்லிவிட்டு நேராக அடுத்த கதவைத் தள்ளினார்.

ஒரு மனிதரின் வயிற்றில் கொஞ்சம் அமிலம் கூடியதில் ஒரு ஆஸ்பத்திரியின் தலையெழுத்து மாறியது. ஆண்கள் வார்டு உரித்த கோழிபோல இருந்தது. திரை இல்லை, தலையணை இல்லை, வழியெல்லாம் தரையில் படுத்த நோயாளிகள். நடுவே கறார் தன்னந்தனியாக ஒரு கட்டிலின் அருகில், மருந்துப் பாட்டிலை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி சிலை மாதிரி நின்றாள். ஸ்டாண்டுதான் இரவல் போயிருக்கிறதே! குழுவைப் பார்த்ததும் அவள் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது.

“எவ்வளவு நேரமா இப்படிப் பிடிச்சிட்டிருக்கீங்கம்மா?” என்றார் தலைவர் தழுதழுத்து.

“நீங்க வந்ததுலேருந்து சார்,” என்றாள் கறார், பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் சொன்னது சத்தியமான வார்த்தை. தலைவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதத்தில் உத்தரவு வந்தது. பெண்கள் வார்டு ‘மாதிரி வார்டு’ என்று பாராட்டுப் பத்திரம், தங்க நிறச் சட்டத்தோடு. அங்கே ஆட்கள் தேவைக்கு அதிகமாக இருப்பதைக் குழு நேரில் கண்டபடியால், சின்ன சிஸ்டர் ஆண்கள் வார்டுக்கு மாற்றப்படுகிறாள். ஆண்கள் வார்டின் அவல நிலையைக் கருதி மேற்கொண்டு ஒரு புது நர்ஸும், புதுத் தலையணைகளும்.

சிஸ்டர் பெரிய டாக்டரிடம் ஓடினாள். “சார், என் வார்டுல மொத்தமே ரெண்டு பேர்தான் சார். உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும்மா. ஆனா அவங்க நாலு பேரைக் கண்ணால பாத்திருக்காங்க. அந்த ரெண்டு பேர் எங்கேருந்து வந்தாங்கன்னு நான் எந்த வாயால சொல்றது?” அவர் உண்மையாகவே வருந்தினார். “அந்தப் பத்திரத்தை நல்ல இடமாப் பாத்து மாட்டுங்க.”

அக்கா கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அப்புறம் ஒரேயடியாகப் பேசினாள். “இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்சாளாம் ஒருத்தி. கதைலதான் கேட்டிருக்கேன். இப்ப வீட்டுலேயே இருக்கா. ஏண்டி, சூனியம் வைக்கறவன்கூட அடுத்தவன் செலவுலதாண்டி வைப்பான்!”

“வாசல்லயே அந்தக் கறை தெரிஞ்சுதுக்கா.”

“தெரியட்டும்னுதாண்டி சொன்னேன்!” அக்காவின் குரல் உடைந்தது. அதை மறைக்க மிஷினை வேகமாக மிதித்தாள்.

இப்போது காலையும் மாலையும் சிஸ்டர்தான். பாட்டில் போனபடியே வந்தது. செடி மொட்டு விட்டது. வார்டு வாசலுக்கு மேலே பத்திரம் மாட்டப்பட்டிருந்தது. அதன் கண்ணாடியில் தூசி படிந்தால் அவளுக்குப் பொறுக்காது, அதையும் நாள் தவறாமல் துடைத்தாள்.

ஒரு மாலை, ஊசி மருந்தை எடுக்கும்போது கை நடுங்கியது. குளிர் இடுப்பிலிருந்து பல்வரை ஏறியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தலையணையை இழந்த கிழவிதான் முதலில் பார்த்தாள். “சிஸ்டருக்கு என்னமோ ஆச்சு! யாராச்சும் சிஸ்டரைக் கூப்பிடுங்க!” என்று கத்தினாள். கூப்பிட யார் இருக்கிறார்கள்? வண்டிக்காரர் பயிற்சி டாக்டரை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் நாடி பார்த்து, “உடனே படுக்க வைங்க, மருந்து ஏத்தணும்,” என்றார். மாதிரி வார்டில் ஒரு கட்டிலும் காலியில்லை. தரையில் விரிப்பைப் போட்டார்கள். படுத்ததும் அதன் மூலையைத்தான் அவள் கை தேடியது.

அந்த நேரத்தில் உள்ளே வந்தாள் கறார். அவள் நலம் விசாரிக்க வரவில்லை. குழு வந்த அன்றைய களேபரத்தில் திரும்பி வராமல் போன தன் ஸ்டாண்டைக் கேட்க வந்திருந்தாள். அவமானப்பட்ட கோபத்தில் அதுவரை பேச்சே இல்லை.

“எங்க என் ஸ்டாண்டு?” என்றபடி வந்தவள் கீழே பார்த்தாள். ஸ்டாண்டு இருந்தது. அதில் தொங்கிய மருந்து சிஸ்டரின் கையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“எடுத்துக்கோங்கக்கா,” என்றாள் சிஸ்டர், பல் தந்தியடிக்க. “பாட்டிலை வண்டிக்காரண்ணன் பிடிச்சுப்பாரு.”

“வாயை மூடு.” கறார் அவள் நெற்றியில் புறங்கையை வைத்தாள். “கடைசியா எப்போடீ தண்ணி குடிச்சே?”

சிஸ்டர் யோசித்தாள். யோசிக்க வேண்டியிருந்ததே பதிலாகிவிட்டது. கறாருக்கும் பழைய காலத்தில் அதே வியாதி வந்திருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு அதுதான் பணிக்கொடை. அன்று அவள் தன் வார்டையும் இந்த வார்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டாள்.

சிஸ்டர் தேறி வேலைக்கு வந்த அன்று, பின்நடைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சின்ன சிஸ்டர். அவளுக்குப் பின்னால் கறார்.

“இந்தா, இரவல்,” என்றாள் கறார். “சாயங்காலத்துக்கு இவ. காலையில என் பொண்ணுங்கள்ல ஒருத்தி வருவா. உத்தரவுப்படி ரெண்டு பேரும் என் வார்டுலதான் இருக்காங்க. யாராவது கேட்டா மூலை மடிக்க வந்திருக்காங்கன்னு சொல்லு.”

“பெரிய டாக்டருக்குத் தெரிஞ்சா?”

“அவருக்குத் தெரியாதது என்ன இருக்கு? தெரியாத மாதிரி இருக்கத்தான அவருக்கு அந்த நாற்காலி.”

சிஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. “அக்கா, நான் இதுக்கு என்ன கைம்மாறு…”

“அழாத, இருக்கற தண்ணியும் போயிரும். கைம்மாறு நானே சொல்றேன். அடுத்த தடவை குழு வந்தா, என் சாமான் ஒண்ணு பாக்கியில்லாம உன்கிட்ட இருக்கணும். புதுத் தலையணை, திரை, ஆளு, எல்லாம். நீ மாதிரி வார்டாவே இரு. நான் கையைத் தூக்கிட்டு நிக்கறேன். அப்போ கை மாத்தி மாத்திப் பிடிச்சுக்கறேன். கிடைக்கறதைப் பின்வழியாப் பங்கு போட்டுக்கலாம்.”

“எனக்குப் பத்திரம் மட்டும்தானாக்கா?”

“உனக்குத்தான துடைக்க ஏதாவது வேணும்?” என்றாள் கறார்.

ஆக, மேலிடத்து ஏட்டில் உள்ளபடி அந்த ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஒரே ஒரு நர்ஸைக் கொண்டு மாதிரியாக நடக்கிறது. அதை ஆராய்ந்து மற்ற ஊர்களிலும் அப்படியே செய்யலாமா என்று யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும்.

அன்று மாலை சிஸ்டர் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். வார்டின் நடுவே நின்று, அண்ணாந்து, கடகடவென்று குடித்தாள். கட்டில் கட்டிலாக எல்லோரும் பார்த்தார்கள். “மெதுவா, மெதுவா. புரையேறப் போவுது,” என்றாள் கிழவி. பிறகு சின்ன சிஸ்டரிடம் ஊசித் தட்டைக் கொடுத்துவிட்டு, பின்நடையில் சலவை அறையைத் தாண்டி, அவசரமே இல்லாமல் நடந்தாள்.

வீட்டில் அக்கா வழக்கம்போலப் பாட்டிலை எடுத்து ஆட்டினாள். சத்தம் வரவில்லை. மூடியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“உண்மையைச் சொல்லு எருமை. எங்க கொட்டினே?”

“குடிச்சேன்க்கா.”

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். நம்பிய மாதிரித் தெரியவில்லை. எழுந்து போய்ப் பாட்டிலை மறுபடி நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினாள்.

“எங்க, என் கண்ணு முன்னால குடி பாப்போம்.”